பேண்டேஜ் துணியில் கட்டிய பூ

எங்கள் வீட்டில் டாக்டர் என்றால் சரக்கு வாங்குகிற பார்ட்டி, அவ்வளவுதான். ராஜபாளையத்தில் அப்பாவுக்குச் சில தறிகள் இருந்தன. அத்தனையிலும் பேண்டேஜ் துணிதான் ஓடியது. ஊரில் நாலு பேருக்கு அடிபட்டால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காபி வடிகட்டுவது, மாவு சலிப்பது, ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவது எல்லாம் எங்கள் வீட்டில் அந்தத் துணியால்தான். அடுக்களை வாசலில் திரை என்ற பெயரில் தொங்கியதும் அதுதான். எதையும் மறைக்காத திரை. தீபாவளிக்குச் சாயம் ஏற்றி எனக்குப் பாவாடையும் தைத்துவிடுவாரோ என்று பயந்த வருஷங்கள் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில், எண்பதுகளின் கடைசியில், நான் பிளஸ் டூ முடித்தேன். மூன்று ஊர்களில் மெடிக்கல் சீட் கிடைத்தது. ஒன்றுகூடக் கிடைக்காமல் தெருவில் இரண்டு வீட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். மூன்று கிடைத்த நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா மதுரைக் கட்சி. "காலைல பஸ் ஏறுனா டிபனுக்கு மதுரை. ஞாயித்துக்கிழமை தவறாம கேரியரோட வந்துருவேன்" என்றார். வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் வாசலில் தலையில் துண்டோடு, ஒரு கையில் கேரியரும் இன்னொரு கையில் துணி சாம்பிளுமாக அப்பா நிற்பார். பார்த்த புரொபசரிடமெல்லாம் ஆர்டர் கேட்பார். நான் ஐந்து வருஷமும் பேண்டேஜ்காரர் மகளாகவே இருப்பேன்.

அத்தை கர்நாடகக் கட்சி. அப்பாவின் அக்காவான அவள் தளவாய்புரத்தில் இருந்தாள். கர்நாடகக் காலேஜில் சீட் பேசி முடித்ததும் அவள்தான். காரணம், அவள் மகன் அதே காலேஜில் இரண்டு வருஷமாக முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சையில் தேறாவிட்டாலும் ஸ்கூட்டரில் சிவப்புக் கூட்டல் குறி ஒட்டியாயிற்று. "ஒத்தையா கெடக்கான். இவ போனா ஒருத்தருக்கொருத்தர் துணை. படிப்பு முடியவும் கல்யாணத்த வச்சிரலாம்" என்றாள் அத்தை. அதாவது என் சீட்டோடு மாப்பிள்ளை இலவசம்.

பாண்டிச்சேரிக் கட்சியில் நான் ஒருத்திதான். அந்தக் காலேஜுக்குத் தனிப் பரீட்சை. யார் தயவும் இல்லாமல் நானே எழுதி நானே வாங்கிய சீட். ஆனால் பாண்டிச்சேரி என்றதும் வீட்டில் யாருக்கும் காலேஜ் ஞாபகம் வரவில்லை.

"பொட்டப்புள்ளயக் கொண்டுபோய் சாராயக் கட ஊருலயா விடச் சொல்லுத?" என்றாள் அத்தை.

தெருவில் இருந்த ஆண்களுக்கு மட்டும் என் உயர்கல்வியில் திடீர் அக்கறை வந்தது. எதிர்வீட்டு மாமா மாதம் ஒருமுறை நேரில் போய் என் படிப்பை விசாரித்துவிட்டு வருவதாக வாக்குக் கொடுத்தார். அவருடைய ஆதரவே என் கட்சியை முக்கால்வாசி தோற்கடித்தது.

அம்மா எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் அப்பாவும் அத்தையும் போட்ட சத்தத்தில் தறிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஆண்டாள்ட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். தாயார் சொல்றதுதான் முடிவு" என்றாள்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ஆண்டாளைப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரிதான் பேசுவாள்.

முடிவெடுக்கப் பயமாக இருக்கும் காரியத்தையெல்லாம் சாமி தலையில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சன்னதியில் வைத்து, ஒன்றும் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணம், கிணறு, வழக்கு எல்லாம் இதில் தீர்ந்துவிடும். இன்றைக்கும் என்னிடம் வருகிற பேஷண்டுகள், "ஆபரேஷனுக்கு வெள்ளப்பூ வரலயே டாக்டரம்மா" என்று எழுந்து போகிறார்கள். மறுவாரம் வலி தாங்காமல் வந்து, நேற்று வெள்ளை வந்துவிட்டது என்பார்கள்.

அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ராத்திரி பகலாகக் கெமிஸ்ட்ரி படித்தது நான். கடைசியில் என் தலையெழுத்தை ஒரு மல்லிகைப்பூ தீர்மானிப்பதா?

எங்கள் கேஸில் மூன்று ஊர் என்பதால் மூன்றாவது பூவுக்குத் தகராறு வந்தது. கடைசியில் துளசி என்று முடிவானது. உடனே துளசியை மதுரைக்கு வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். "பெருமாளுக்கு உகந்தத நீ எடுத்துக்கிட்டா மத்தவிய எல்லாம் என்ன, தொக்கா?" என்று அத்தை எகிறினாள். ஒருவழியாக மதுரைக்கு மல்லிகை, கர்நாடகத்துக்குச் சிவப்பு ரோஜா என்று படிந்தது. கேட்பாரில்லாத பாண்டிச்சேரிக்குத் துளசி.

பொட்டலம் கட்டுகிற பொறுப்பு அம்மாவுக்கு. எந்தக் கட்சியிலும் இல்லாதவள் அவள்தானே. வாழையிலையைத் தேடாமல் கைக்கு எட்டிய பேண்டேஜ் துணியை வெட்டினாள். நாலு மடிப்பாக மடித்தால் உள்ளே இருப்பது தெரியாது.

அடுக்களைத் திரை ஒன்றையும் மறைக்காது என்று சொன்னேன் அல்லவா. முதலில் அப்பா உள்ளே போனார். "மல்லிகப் பொட்டலத்துக்கு மட்டும் முடிச்சக் கொஞ்சம் பெருசாப் போடு" என்றார். "சரிங்க" என்றாள் அம்மா. அடுத்து அத்தை போனாள். ரோஜாப் பொட்டலத்தில் நூல் நுனியை நீளமாக விடச் சொன்னாள். "சரி மதினி" என்றாள் அம்மா. சாமி முடிவுக்குக் கட்டுப்படுகிற லட்சணம் இது. மூன்றாவதாக நான் போனேன்.

"எனக்குப் பாண்டிச்சேரிதாம்மா வேணும்."

"ஏன்?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அங்க யாருக்கும் என்னத் தெரியாதும்மா" என்றேன்.

அம்மா துணியை இன்னொரு மடிப்பு மடித்தாள். "சரி, போய்த் தலையத் துவட்டு. ஈரம் சொட்டுது" என்றாள். எல்லாருக்கும் சொன்ன அதே சரி. எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

புறப்படும்போது அம்மா தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள், நடுவில் ஒரு சிவப்பு ரோஜாவும். "ஏட்டி, கல்யாணத்துக்கா போறோம்?" என்றார் அப்பா. அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கோயிலில் பட்டர் மூன்று பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டுதானே வைப்பா?" என்றார். அப்பா மூன்று காலேஜையும் பெருமையோடு விளக்கினார். தரிசனத்துக்கு வந்த யாரோ ஒருவருடைய குழந்தை, வாயெல்லாம் பால்கோவாவோடு நின்றது. அதைக் கூட்டி வந்தார்கள். "பெரிய முடிச்சு பாப்பா, பெரிய முடிச்சு" என்று அப்பா அதன் காதில் ஓதினார். "நீள நூலு, தங்கம்" என்று அத்தை மறுகாதில் ஓதினாள். பொட்டலங்களைப் பார்த்ததும் இரண்டு பேர் முகமும் மாறியது. மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருந்தன. சாமியை நம்பாதவளாக உள்ளே வந்தவள், அந்த நிமிஷம் ஆண்டாளிடம் கெஞ்சினேன்.

குழந்தை நடுப் பொட்டலத்தை எடுத்தது. பட்டர் பிரித்தார். துளசி.

"மத்த ரெண்டையும் பிரிங்க சாமி. என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்றாள் அத்தை.

"தாயார் குடுத்த பொறவு மத்ததப் பிரிக்கப்படாது மதினி. குளத்துல விட்டுரணும்" என்றாள் அம்மா.

அந்தச் சாஸ்திரத்தைப் பட்டரும் அன்றுதான் கேள்விப்பட்டிருப்பார். ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

திருமுக்குளத்தில் அந்த வருஷம் தண்ணீர் கிடந்தது. அம்மா குனிந்து இரண்டு பொட்டலங்களையும் மெதுவாக விட்டாள். நானும் அப்பாவும் பக்கத்தில் நின்றோம். பாண்டிச்சேரியைத் திட்டிக்கொண்டே அத்தை மேல்படியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

மிதந்த பொட்டலங்களில் தண்ணீர் ஏறியது. அடிபட்ட இடத்தில் ஈரத்தை இழுப்பதற்கென்றே நெய்த துணி அல்லவா? நாலு மடிப்பும் ஒட்டிக்கொண்டு கண்ணாடி மாதிரி ஆனது. ஒன்றில் பச்சை தெரிந்தது. இன்னொன்றிலும் பச்சை. கோயிலில் அத்தனை நேரம் வைத்திருந்தும் எந்தப் பொட்டலத்திலிருந்தும் மல்லிகை வாசனையே வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் தலையைப் பார்த்தேன். அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். வாழ்நாளெல்லாம் அந்தத் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு யார் என்ன சமாதானம் சொல்ல முடியும்? அப்பா சட்டென்று இரண்டு படி ஏறி அத்தையை மறித்து நின்றார்.

"கீழ வராதக்கா, பாசி வழுக்குது. வா, பால்கோவா வாங்கிட்டுக் கிளம்புவோம்."

திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் அத்தையும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். நானும் அம்மாவும் பின்னால். அவள் காதருகே போய், "எப்படிம்மா இதெல்லாம் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எனக்கு டீச்சர் டிரெயினிங் கெடச்சப்ப எங்கப்பா இதே சன்னதியிலதான் பூக்கட்டுனாரு. வெள்ள வந்தா கல்யாணம், செவப்பு வந்தா படிப்பு. வெள்ளதான் வந்துச்சு. அடுத்தத வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் வெள்ள."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷமாக இவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, உனக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டோமே. அம்மா மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் முன் சீட்டில் அப்பாவின் கழுத்து விறைத்ததைப் பார்த்தேன். அந்த வெள்ளைப்பூக் கல்யாணத்தின் மாப்பிள்ளை அவர்தானே.

ராஜபாளையம் நெருங்கியது. அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அடுத்த தடவ வாழையிலையில கட்டு. நம்ம துணி நனைஞ்சா உள்ள இருக்கதக் காட்டிக் குடுத்துரும்."

தூங்கி வழிந்துகொண்டிருந்த அத்தை விழித்துக்கொண்டாள். "என்னலே சொல்லுத?"

"ஒண்ணுமில்லக்கா. யாவாரப் பேச்சு."