டிரைவரின் வலது பக்கம்

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவரை ஒரே ஒரு மருத்துவச் சீட்டு டயர் கிடங்குக்கு அனுப்பிவிட்டது. சர்க்கரை நோய் வலது கண்ணைத் தின்றுவிட்டதாம். ஸ்டீயரிங் பிடித்த கைக்கு இனி டயர் உருட்டுகிற வேலை. வயிறு எரியுமா எரியாதா?

டெப்போவாவது தொலையட்டும், வீடு அதற்கு மேல். மகன் அவரை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். "அப்பா, கெட்டியா பிடிச்சுக்குங்க" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னான். அறுபது பேரோடு மலை இறங்கியவரிடம் சொல்கிற பேச்சா இது? மனைவியோ முடிவெட்டிக்கொள்ளக்கூடத் தனியாக விடவில்லை. கேட்டால் எல்லாம் அவர் நல்லதுக்குத்தானாம்.

ஒரு ஞாயிறு காலை, யாரும் எழுந்திருக்குமுன், மாடிப்படிக்கடியில் கிடந்த மகளின் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துத் தெருவில் இறங்கிவிட்டார். ரோஜா நிறம், முன்னால் கூடை வேறு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நிற்கத் தோன்றினால் நிற்கலாம், திரும்பத் தோன்றினால் திரும்பலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆற்றுப் பாலம் வரை போய்விட்டார். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பாலத்தடியில் ஒரு சைக்கிள் கூட்டம் நின்றிருந்தது. ஒரு தையல்காரர், ஒரு நர்ஸம்மா, இன்னும் நாலைந்து பேர். தினமும் காலையில் பதினைந்து கிலோமீட்டர் போகிறவர்கள். அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். கண் விஷயத்தைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் இவர்களும் ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

ஆனால் இங்கேயும் ஒரு தொல்லை. கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் வலது பக்கம் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு பெரிய ரோடு சும்மா கிடக்க, இவர் தோளை உரசிக்கொண்டுதான் வரவேண்டுமா? ஒரு நாள் நர்ஸம்மா, ஒரு நாள் தையல்காரர். தையல்காரருக்கு வாய் மூடாது. ஊரில் யார் யாருக்குத் தொப்பை எத்தனை அங்குலம் ஏறியது என்று சொல்லிக்கொண்டே வருவார். தள்ளிப் போகச் சொல்லி இவர் எத்தனையோ தடவை எரிந்து விழுந்து பார்த்தார். ஊஹூம், ஒருத்தரும் அசையவில்லை.

ஒரு காலை, வலது பக்கச் சந்திலிருந்து பால் வண்டி ஒன்று ரிவர்ஸில் வந்தது. இவர் பார்க்கவே இல்லை. தையல்காரர் கத்திக்கொண்டே இவருடைய ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, இரண்டு பேரும் ரோட்டோரத்தில் விழுந்தார்கள். இவருக்குக் கீறல்கூட இல்லை. தையல்காரரின் முழங்கையில் ரத்தம் கொட்டியது. நர்ஸம்மா கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினார்.

இனி மறைத்து என்ன பயன்? சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு வலது கண்ணு சுத்தமா தெரியாது. சொல்லாம இருந்தது என் தப்பு. நாளையிலேர்ந்து நான் வரல."

தையல்காரர் முழங்கையை ஊதிக்கொண்டார். "கோழி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா யாருக்குண்ணே தெரியாது? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் ஆளுக்கொரு நாள்னு முறை வச்சு உங்க வலது பக்கம் வர்றோம். நாளைக்கு நர்ஸம்மா முறை."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, என்ன மனுஷர்கள் இவர்கள்? நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் பாலத்தடியில் போய் நின்றார். கிளம்பும்போது, யாரும் சொல்லாமலே, வலது பக்கம் ஒரு சைக்கிளுக்கு இடம் விட்டு ஓட்டினார்.