எங்கள் சுவரில் ஒரு தொகுதியின் வரலாறு

தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பே எங்கள் காம்பவுண்டு சுவருக்கு வெள்ளையடித்துவிடுவார்கள். நாங்கள் அல்ல, கட்சிக்காரர்கள். மூலையில் கட்சியின் பெயரையும் வருடத்தையும் சின்னதாக எழுதினால் சுவர் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். வேட்பாளர் யாரென்று தெரிந்ததும் வந்து மிச்சத்தை எழுதுவார்கள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் இதற்கு யாரும் வீட்டுக்காரரைக் கேட்டதில்லை. ஒவ்வொரு மக்களவைத் தேர்தலுக்கும் சுவரைக் கொடுத்துவந்தோம். கொடுத்தோம் என்று சொல்வதுகூடத் தப்பு.

சென்ற தேர்தலில், அப்படிப் பிடித்து வைத்த சுவரில் என் மகள் எழுதிவிட்டாள்.

கல்லூரி இரண்டாம் வருடம் படித்தாள். அதுதான் அவளுக்கு முதல் ஓட்டு. நான் பாடம் நடத்தும் பள்ளியிலிருந்து திரும்பியபோது சந்தில் ஒரே கூட்டம். வங்காள மொழியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நம் தொகுதியின் வரலாறு' என்று தலைப்பு. அதன் கீழே, ஒவ்வொரு தேர்தலிலும் ஜெயித்தவர் இந்தச் சந்தில் தேங்கும் மழைத்தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒரு வரி. ஒருவர் பம்ப் வைப்பதாகச் சொன்னார். அடுத்தவர் புதுக் குழாய் பதிப்பதாக. அதற்கடுத்தவர், நகரமே பள்ளத்தில் இருக்கிறது, என்ன செய்வது என்றார். நான் நிறைமாதத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் டாக்ஸி பிடித்த வருடத்து வாக்குறுதியும் இருந்தது. எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் நான் புலம்பியவை.

"உடனே அழி."

"எந்த லைன் பொய்னு சொல்லு, அழிக்கிறேன்."

"பொய்யா இருந்தாத் தேவலையேடி! உங்கப்பா வேற விசாகப்பட்டினத்துல இருக்கார். நாம ரெண்டு பேருதான் இங்க."

சாயங்காலம் தெரு க்ளப்பின் செயலாளர் இரண்டு பேருடன் வந்தார். சுவரைப் பிடித்த கட்சிக்கு எங்கள் சந்தில் அவர்தான் எல்லாம். துர்கா பூஜை மேடையில் பாட்டு ஒப்பிக்க என் மகளைத் தோளில் தூக்கிப்போனவர் அவர். அவள் அவரைக் காகு என்பாள், சித்தப்பா மாதிரி. என்னை அவர் பௌதி என்பார், அண்ணி மாதிரி. காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

"எல்லா வரியும் சரிதான், பௌதி. அந்தப் பம்ப் விஷயம் எனக்கே மறந்துபோச்சு," என்று சிரித்தார். "ஆனா சுவர் எங்களுது இல்லையா?"

"சுவர் எங்களுது, காகு," என்றாள் மகள்.

"தேர்தல் முடியட்டும், மறுபடி உங்களுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் ஒண்ணும் நினைக்கல. எங்க பசங்க எல்லாரும் என்னை மாதிரி இல்ல. பொண்ணு ட்யூஷன் எடுத்துட்டு இருட்டினப்புறம் தனியா வர்றா, பாருங்க."

காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நானே அழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக்கூட விடவில்லை; விடியும்போதே சுண்ணாம்பு வாளியோடு வந்துவிட்டார்கள். மகள் ஜன்னலில் நின்று கடைசி வரி மறையும்வரை பார்த்தாள். அதன்பின் தேர்தல்வரை தினமும் அவள் இறங்கும் நிறுத்தத்தில் போய் நின்றேன். அவள் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடப்பாள்.

வாக்குப்பதிவு அன்று வரவேண்டாம் என்று கெஞ்சினேன். வந்தாள். பள்ளிக்கூடத்து அறையில் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவள் வரவேயில்லை. இயந்திரத்தின் அந்த நீண்ட ஒலிக்காகக் காத்திருந்தேன். ஒருவழியாகக் கேட்டது.

தெருமுனையில் கட்சி மேஜையிலிருந்து செயலாளர் கையை உயர்த்தினார். "ஆச்சா பௌதி?"

"ஆச்சு, ஆச்சு!" பல் தெரியச் சிரித்தேன்.

பத்தடி தாண்டியதும் மகள் நின்றாள். "எதுக்கும்மா அந்த ஆள்கிட்ட அப்படி இளிச்ச?"

"நாளைக்கும் இந்தச் சந்துலதான நடக்கணும்?"

"நீ நட."

அன்று ஓடிய ஒன்றிரண்டு ஆட்டோக்களில் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, கரியாஹாட் போகணும் என்று சொல்லி ஏறிக்கொண்டாள். எப்போது வருவாய் என்று நான் கேட்பதற்குள் அது திரும்பிவிட்டது. செயலாளர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னொரு முறை சிரித்தேன்.