இரட்சிக்கப்பட்ட தேதி

இங்கே பிரசங்கம் தொடங்கும்போது சபையில் பெப்பர்மின்ட் மிட்டாய் சுற்றி வரும். போதகர் வசனத்தை வாசித்து முடித்ததும் வரிசை வரிசையாகக் கைப்பைகள் திறக்கும். நெதர்லாந்துக்கு வந்த முதல் ஞாயிறு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா என் கையில் ஒன்றை வைத்தார். நான் அதைக் கர்த்தருடைய பந்தியின் அப்பம் என்று நினைத்துவிட்டேன். ஊரில் எங்கள் சபையில் தன்னைத்தான் சோதித்து அறியாமல் அப்பத்தைத் தொடக் கூடாது. கண்ணை மூடி, அந்த வாரத்துப் பாவங்களை ஒவ்வொன்றாக அறிக்கையிட்டு முடிப்பதற்குள் மிட்டாய் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உங்கள் மனைவிக்குச் சர்க்கரை வியாதியா என்று அவர் பிறகு என் கணவரிடம் கேட்டாராம்.

நான் திருவொற்றியூர்க்காரி. எங்கள் சபை எண்ணூர் நெடுஞ்சாலையோரம், ஒரு டயர்க் கடைக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. வெள்ளைச் சேலை. தோடு, பூ, டிவி எதுவும் கிடையாது. இராயபுரத்தில் ஆர்.சி. கோயில் தேர் வரும் நாட்களில், பஸ் ஜன்னல் வழியாக ஜிமிக்கி போட்ட பெண்பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை அப்பா கிண்டல் செய்வார். பச்சைப் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றினால் சளிதான் பிடிக்கும் என்பார். எங்களுக்கு முக்கியம் தேதி. இரட்சிக்கப்பட்ட நாள், மணி, இடம் மூன்றையும் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்ல வேண்டும். தேதி இல்லாதவருக்குப் பரலோகமும் இல்லை.

என் அக்கா எஸ்தருக்குத் தேதி இருந்தது. பதினாலு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு, பாய் நனைய அழுதாள். சபையே சேர்ந்து அழுதது. அப்போது எனக்குப் பத்து வயது. அவளைப் பார்த்துப் பொறாமையில் வெந்தேன். எனக்கும் வரும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. தேதி இல்லாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று ஒரு நாள் பாஸ்டர் சொன்னபோது எழுந்திருக்கப் பயந்து உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த வாரம் சாட்சி சொன்னேன். அக்காவுடைய சாட்சிதான். மாதத்தை மட்டும் மாற்றினேன், மூன்று மணியை அப்படியே விட்டுவிட்டேன். நன்றாக அழவும் செய்தேன். அந்த வருடமே கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே என்னைக் கடலில் முக்கி ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

நெதர்லாந்தில், இந்த ஊர்ச் சீர்திருத்த சபையில் சேர விரும்பியபோது ஒரு மூப்பர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். எப்படி விசுவாசத்துக்குள் வந்தாய் என்று கேட்டார். பழக்க தோஷம், சமையலறை மேஜையருகே எழுந்து நின்றுவிட்டேன். பாவச் சேற்றில் அமிழ்ந்து கிடந்த என்னை என்று தொடங்கி, மூன்று மணி வரைக்கும் ஒப்பித்தேன். பன்னிரண்டு வயதில் என்ன பாவம் என்று அவர் மெதுவாகக் கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகச் சினிமா பார்த்தேன் என்றேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் யாரிடமாவது இதைப் பேசியிருக்கிறாயா என்றார்.

நானும் பதிலுக்கு மூப்பரின் தேதியைக் கேட்டேன். அவர் யோசித்தார். பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு, தான் கடவுளுடையவன் அல்ல என்றிருந்த ஒரு நாள்கூட நினைவில் இல்லை என்றார். தன் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த மனிதருக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தேவைப்படவில்லையே.

இரண்டு வருடம் அவர்களுடைய வினாவிடை வகுப்பில் உட்கார்ந்தேன். நாம் கடவுளைப் பிடிப்பதற்கு முன்பே, நாம் பிறப்பதற்கும் முன்பே, அவர் நம்மைப் பிடித்துவிட்டார் என்று படித்தேன். தேதி இல்லாதவளுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனால் நிம்மதி வந்த கையோடு எரிச்சலும் வந்தது. நவோமி பிறந்து, அவளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானதும், பெற்ற மகள் மேலேயே பொறாமைப்பட்டேன். நான் திருடி வாங்கியதை இவள் தூங்கிக்கொண்டே வாங்கப் போகிறாள்.

அக்காவிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை. அவள் இப்போதும் அதே சபையில்தான் இருக்கிறாள். உறவையே முறித்துவிடுவாளோ என்ற பயத்தோடு போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு இன்னா தெரியும்? தூங்கிகினு கீறப்போ தண்ணி வுட்டா அது ஞானஸ்நானமா?" என்றாள்.

"பன்னெண்டு வயசுல எனக்கு மட்டும் இன்னா தெரிஞ்சுதுக்கா? நான் சொன்னது உன் சாட்சி."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவள் பக்கம் கடந்து போனது. அது போனதும் அக்கா சொன்னாள்.

"தெரியும். மூணு மணின்னு நீ சொன்னியே, அப்பவே தெரியும். அப்பாகிட்ட சொல்லல. அன்னிலேர்ந்து வெள்ளிக்கெழமை தோறும் உனக்காவ உபவாசம் இருந்துகினுதான் கீறேன். இனிமே பாப்பாவுக்கும் சேத்து இருக்கணும், அவ்ளோதான்."

இருபது வருடத்து வெள்ளிக்கிழமைகள். அந்த நாட்களில் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஞானஸ்நானம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. போதகர் நெற்றியில் மூன்று முறை தண்ணீர் தொட்டு வைத்தார், நவோமி விழிக்கவே இல்லை. எல்லோரும் எழுந்து பாடினார்கள். பிறகு காப்பி, கேக், கைகுலுக்கல். அப்போது அக்காவின் குரல் பதிவு வந்தது. நடைக்கு வந்து போனைக் காதில் வைத்தேன். அக்கா முதலில் சொன்னபடி, ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், சாப்பிடாமல், தகரக் கூரைக்குக் கீழே சபை முழுதும் முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தது. நவோமியைத் தள்ளிவிடாதேயும் ஆண்டவரே, நவோமியைச் சேர்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அக்கா கதறினாள்.

காப்பிக் கோப்பையோடு வந்த மூப்பரின் மனைவி, போனிலிருந்து கசிந்த அழுகையைக் கேட்டு, ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, என் மகளுக்காக ஜெபிக்கிறார்கள் என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். அவள்தான் ஏற்கெனவே கடவுளின் பிள்ளையாயிற்றே, இன்னும் எதற்காக அழுகிறார்கள் என்றார்.

அவர் சொல்வது சரி. அதைத்தான் நானும் நம்புகிறேன். ஆனாலும் போனை அணைக்கக் கை வரவில்லை. கேக் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரில் என் மகளுக்காக அழ ஒருவரும் இல்லை.