அறுபது பேரும் ஐந்து போட்டார்கள்

என் பேராசிரியரை இங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சிங்கப்பூர் வந்து இரண்டு வருடமாகியும் எனக்கு வாய் வரவில்லை. திருச்சியில் நான் படித்த கல்லூரியில், துறைத்தலைவர் தாழ்வாரத்தில் நடந்தாலே சுவரோடு ஒட்டி நிற்போம். அவர் தலைப்புக் கொடுப்பார், நாங்கள் ‘சரிங்க சார்’ என்போம். அந்தப் பழக்கத்தோடு வந்தவள்தான் இங்கே ஒருநாள் பேராசிரியரின் முகத்துக்கு நேரே முடியாது என்றேன்.

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களின் உடல்நலம்தான் என் ஆய்வு. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில், ரேஸ் கோர்ஸ் ரோட்டோரப் புல்வெளியில் உட்கார்ந்து படிவம் நிரப்புவேன். உடல்நிலை மோசமென்றால் ஒன்று, மிக நலமென்றால் ஐந்து. அறுபது பேரும் ஐந்து போட்டார்கள், விரல் நசுங்கிக் கட்டுப் போட்டிருந்த செல்வராசு உட்பட.

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். “எவ்ரிபடி ஃபைவ்? கெனாட் யூஸ் லா.” இது உதவாது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆட்களிடம் எடு என்றார். அடுத்த மாதம் தகுதித் தேர்வு, ஆய்வுக் குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். அதில் அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நான் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்களே சொல்லுங்கள், முன்பின் தெரியாதவள் வந்து ‘எப்படி இருக்கீங்க’ என்றால் நம்மில் யார் நோயைச் சொல்வார்கள்? வேறு அறுபது பேரும் ஐந்துதான் போடுவார்கள். தப்பு என் கேள்வியில் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஆட்களை மாற்ற முடியாது, இவர்களிடமே திரும்பப் போவேன் என்றேன். “அப் டு யூ,” என்றார். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை.

அடுத்த ஞாயிறு படிவத்தைப் பையிலேயே வைத்துவிட்டுச் செல்வராசுவிடம் கேட்டேன். “இந்த வாரம் வீட்டுக்குப் போன் பண்ணப்போ எதைச் சொல்லாம விட்டீங்க?”

புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “ஒரு பக்கம் காது கேக்கலக்கா. வீட்ல பேசுறது பாதி புரியாது. சரி சரின்னு வச்சிருவேன்.”

பக்கத்திலிருந்தவர் கேட்காமலே தன் முதுகு வலியைச் சொல்ல ஆரம்பித்தார். அன்று என் நோட்டு நிறைந்தது.

தேர்வறையில் அந்த வார்த்தைகளைத் தமிழிலேயே திரையில் போட்டேன், கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலம்.

“நோபடி ஹியர் கேன் ரீட் திஸ்,” என்றார் பேராசிரியர்.

“ஐ கேன்,” என்று சொல்லிவிட்டு, செல்வராசு சொன்னதைத் தமிழில் வாசித்தேன், பிறகு ஆங்கிலத்தில்.

பேராசிரியரின் கையெழுத்து விழுந்தது. ஆய்வேட்டில் அந்தப் பக்கத்திலிருந்து தமிழை எடுத்துவிடச் சொல்லி அவரிடமிருந்து இதுவரை இரண்டு மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. பதில் போடவில்லை. ஆங்கிலம் கீழேயே இருக்கிறது, தமிழ் மேலே.