ரேடியேட்டரை அடைத்த மாலை

மலேசியாவில், சித்தியவான் பக்கத்துத் தோட்டமொன்றில் ரப்பர் மரங்களில் பாதியைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலம் அது, எழுபத்தெட்டாம் ஆண்டு. பன்னிரண்டு வருஷம் பால் வாளி சுமந்த சன்னாசிக்கு டிராக்டர் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. மூன்றே மாதத்தில் அதற்கு ஆபத்தும் வந்தது.

தப்பு அவன்மேல்தான். மரக்கட்டையில் கலப்பை இடித்தால் ஒடிந்துபோகவென்றே அதில் ஒரு லேசான போல்ட் உண்டு. அடிக்கடி ஒடிகிறதே என்று எரிச்சல்பட்டு, மகா புத்திசாலி, கெட்டியான போல்ட் ஒன்றை முடுக்கிவிட்டான். அடுத்த கட்டையில் போல்ட் ஒடியவில்லை, கலப்பையே வளைந்துபோனது. "இன்னொரு தடவ எதாச்சும் கெட்டுச்சு, நீ மறுபடியும் வாளியத் தூக்கிட்டுப் பால்மரம் வெட்டப் போயிரு" என்று எல்லார் முன்னாலும் தோட்ட நிர்வாகியான துரை சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜை வந்தது. மனைவி முத்தம்மா செவ்வந்தியும் வேப்பிலையும் சேர்த்துக் கை தடிமனுக்கு மாலை கட்டிக் கொடுத்தாள். டிராக்டரின் முகத்தில் சாத்தினான். பூஜை மாலை தானாக உதிரும்வரை கழற்றக் கூடாது என்பது அந்தத் தொழிலாளர் லயத்து வழக்கம்.

மூன்றாம் நாள் மத்தியானம் உழவு பாதியில் இருக்கையில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போனது. சன்னாசி இன்ஜினை நிறுத்தினான். முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி.

கங்காணி மாயாண்டி வாளியோடு ஓடிவந்தார். "என்னலா பாக்குறே? தண்ணிய ஊத்தி வண்டிய எடு, துரை வர்ற நேரம்!"

"வேணாண்ணே. கொதிக்கிறப்ப ஊத்துனா இன்ஜின் வெடிச்சிரும். ஆறட்டும்."

"வேல போயிருண்டா!"

"போனா போவட்டும். போன தடவ அவசரப்பட்டு அந்தக் கெட்டி போல்ட்ட மாட்டித்தான் கெடுத்தேன்."

முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். காய்ந்த பூவும் வேப்பிலையும் ரேடியேட்டரில் அப்பிக் காற்றை அடைத்திருந்தன. அடச்சீ! மாலையைப் பிடித்து இழுத்தான்.

"சாமி குத்தம்டா!"

"அத நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன்."

துரையின் ஜீப் வந்து நின்றபோது மாலை அவன் கையிலேயே இருந்தது. அவன் மறைக்கவில்லை. "நான் போட்ட மாலைதான் துரை, காத்த அடச்சிருச்சு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல. ஆறுனதும் ஓட்டிக் காட்டுறேன்."

துரை ஜீப்பில் உட்கார்ந்தபடியே காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினான். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. துரை ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போனார். அப்பாடா! அன்றைக்கே மீதி உழவையும் முடித்துவிட்டுத்தான் சன்னாசி இறங்கினான்.

அடுத்த வருஷப் பூஜையில் மாலை இருக்கையின் முதுகில் ஏறியது. தாம்பாளத்தில் அந்தக் கெட்டி போல்ட்டையும் எடுத்து வைத்துக் குங்குமத்தைத் தொட்டான்.

"இதுக்கு எதுக்குங்க பொட்டு?" என்று முத்தம்மா சிரித்தாள்.

"இன்ஜின் கொதிச்ச அன்னிக்கு என் கையப் புடிச்சி நிறுத்துனது இந்தப் பயதான். இவனுக்குத்தான் மொதப் பொட்டு."