வராமலே இருந்த மைக் செட் அண்ணனுக்கு

குமரேசன் அண்ணன் போய்விட்டார்... காலையில் ஹார்ட் அட்டாக். வேங்கிக்கால் பக்கம் எந்த விசேஷம் என்றாலும் மைக் செட் கட்டுவாரே, அவர்தான்.

மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா என் போட்டோ போடாத" என்றாள்.

யாழினிக்கு ஆட்டிசம் என்பது இங்கே பலருக்குத் தெரியும். ஏழாவது படிக்கும்போதே அவளைப் பீரியட்ஸுக்குத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். படம் வரைந்து காட்டினேன், பேட் வைத்துப் பழக்கினேன், பேடில் பீட்ரூட் ஜூஸ் ஊற்றி டெமோகூடக் காட்டினேன். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் பீட்ரூட் தொடுவதில்லை.

ரத்தம் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் பீரியட்ஸ் என்று பேச்செடுத்தாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். வயிறு லேசாக வலித்தால் போதும், பாத்ரூமுக்கு ஓடி ஓடிப் பார்ப்பாள். தூக்கமில்லை, சாப்பாடில்லை... நானும் கூட உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

கடைசியில் ஒருநாள் அவளே கேட்டாள். "அம்மா, பீரியட்ஸ் வந்தா மைக் செட்டும் வருமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டுப் பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்குக் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் இருந்தது. அன்று முழுக்க இவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கு வந்தாலும் பின்னாடியே ஸ்பீக்கரும் வரும். அவள் கணக்கில் என்ன தப்பு?

"நம்ம வீட்ல அதெல்லாம் வைக்கமாட்டோம்டி" என்றேன்.

"நீ மைக் செட் ஓனர் இல்லையே" என்றாள்.

நியாயம்தான். ஆட்டோ பிடித்து ஓனரிடமே போனோம்.

"அண்ணா, பொண்ணு வயசுக்கு வந்தா..." என்று ஆரம்பித்தேன். மனிதர் முடிக்கவே விடவில்லை.

"ரொம்ப சந்தோஷம்மா! எத்தினி கூம்பு கட்டணும்? சீரியல் லைட்டும் சேத்துப் போட்டுடலாமா?"

இவள் கத்திய கத்தலில் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்துவிட்டார்.

அழுகை அடங்கியதும் அவளே நேராக விஷயத்துக்கு வந்தாள். "எனக்குப் பீரியட்ஸ் வந்தா நீங்க வரக்கூடாது."

அண்ணனுக்கு ஒரே வெட்கம். ஆம்ப்ளிஃபயரை எடுத்துத் துடைதுடை என்று துடைத்தார். "வராதன்னு சொல்றதுக்கு ஒரு பார்ட்டி வர்றது இதான்மா ஃபர்ஸ்ட்டு" என்றார் என்னிடம்.

அப்புறம் அவளைப் பார்த்துச் சொன்னார். "சரிம்மா, வரல. வந்துடுச்சின்னா ஒரு போன் பண்ணு. அன்னிக்கு உங்க தெரு பக்கமே தலை காட்டமாட்டேன்."

அன்றைக்குத்தான் குழந்தை தூங்கினாள்.

சில மாதம் கழித்து வந்தது. பாத்ரூமிலிருந்து வந்தவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை, நேராகப் போனை எடுத்தாள். "மாமா, வந்துடுச்சு. வராதீங்க."

பெற்ற அப்பாவுக்கே அப்புறம்தான் தெரியும்.

அத்தோடு முடிந்ததா... மாசாமாசம் போன். கார்த்திகை தீபத்துக்கு ஊரே பிதுங்கி வழியும்போது, எங்கேயோ ஏணிமேல் நின்றுகொண்டுகூட எடுத்தார். "சரிம்மா, வரல." அவ்வளவுதான் பேச்சு. இவளும் நிம்மதியாக வைத்துவிடுவாள்.

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தன் அண்ணன் மகளுக்குச் சடங்கு செய்யாமல் விடுவதா என்று, எனக்குத் தெரியாமல் மைக் செட் புக் பண்ணக் கிளம்பிவிட்டார். போனது குமரேசன் அண்ணனிடமே!

"அந்த வீட்டுக்கு மட்டும் வரமாட்டேங்க. பாப்பாகிட்ட ஒத்துக்கினு இருக்கேன்" என்றாராம்.

"நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"பாருங்க. டவுன்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்."

நாத்தனார் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கும் சேர்த்து அண்ணனுக்கு நன்றி.

சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கூடத் தொழில் செய்பவர்கள் அவருக்கு மரியாதையாகத் தெரு நீளத்துக்கும் கூம்பு கட்டி, பக்திப் பாட்டு போட்டிருந்தார்கள். யாழினி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். வரவும் மாட்டேன் என்கிறாள், திரும்பவும் மாட்டேன் என்கிறாள்.

அண்ணனின் மனைவி வாசலிலிருந்து பார்த்துவிட்டார். "டேய், அந்தப் பாப்பா வந்திருக்குது. எல்லாத்தையும் நிறுத்துங்கடா!"

எல்லாம் நின்றது.

யாழினி உள்ளே போனாள். அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்த அக்காவிடம் கேட்டாள்... "அத்தை, அடுத்த மாசம் வந்தா நான் யார்கிட்ட சொல்றது?"

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அதே நம்பருக்கு பண்ணு கண்ணு. நானும் வரல."

நல்லபடியாகப் போய் வாருங்கள் அண்ணா...