ஏழாங்கட்டைக்கு வந்த கால்வாய்

கோலா சாவாவுக்குப் போகிற வழியில் ஏழாங்கட்டை என்று ஒரு சின்னக் கம்பம்; மலாயில் கம்பம் என்றால் சிற்றூர். மொத்தம் இருபத்துமூன்று வீடுகள். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, வேலை போனவர்கள் தோட்டத்து லய வீடுகளைக் காலி செய்துவிட்டு ஓடைக்கரையில் பலகையும் தகரமுமாகக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. கடைசி வீடு பஞ்சாலையுடையது. பதினாறு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவள், பிறகு செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைத்தாள். புருஷன் நல்லசாமிக்குச் சர்க்கரையில் வலது கால் போனதும் அந்த வேலையையும் விட்டாள். அடுத்த வருஷம் அவருக்குச் சிறுநீரகமும் கெட்டது. செவ்வாய், வியாழன், சனி, ராசா என்கிற ஊரிலுள்ள நிலையத்துக்கு இரத்தம் சுத்திகரிக்க அழைத்துப் போக ஒரு வேன் வீட்டு வாசலுக்கே வரும்.

நவம்பர் மழையில் ஓடைக்கு மேலே இருந்த சிமெண்டுக் குழாய்ப் பாலம் உடைந்து உட்கார்ந்தது. வேன்காரர், இனி உள்ளே வரமுடியாது என்று சொல்லிவிட்டார். கம்பத்தார் இரண்டு பலகையைப் போட்டார்கள். பஞ்சாலை சக்கர நாற்காலியை அந்தப் பலகைமேல் ஏற்றி இறக்கி, அரைக் கிலோமீட்டர் சேற்றில் தள்ளி, வேன் நிற்கிற தார்ச் சடக்குக்குக் கொண்டுபோனாள். மூன்றாவது வாரம் பலகை வழுக்கியது. நாற்காலியோடு நல்லசாமி ஓடையில் விழுந்தார். தூக்க அவளுக்குத் தெம்பில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, அவர் தலையை நெஞ்சில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அடுத்த வீட்டு வள்ளியம்மா ஓடிவந்து இறங்கும்வரை அப்படியே இருந்தாள்.

மறுநாள் காலையில் நகராண்மைக் கழகத்தில் போய் நின்றாள். திட்டப் பிரிவில் ஹேமநாதன் என்கிற இளைஞர் கணினியில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். ஏழாங்கட்டை இருந்த இடம் முழுக்கப் பச்சையாக இருந்தது.

“பச்சைன்னா விவசாய நிலம் அக்கா. படத்துல அங்க வீடே இல்ல லா.”

“அப்ப நான் எங்கேருந்து தம்பி வர்றேன்?”

அவர் மனு எழுதும் பாரம் ஒன்றை எடுத்து நீட்டினார். “விவசாய நிலத்துல கழகம் பாலம் போட முடியாது, கால்வாய் வெட்ட முடியாது. அடுத்த மாசம் புதுத் திட்டப்படத்த மண்டபத்துல மக்கள் பார்வைக்கு வைப்பாங்க. அத குடியிருப்பா மாத்தச் சொல்லி முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

பாரத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். பாதிப் பேருக்குப் பயம். “நாம இருக்கிறது அவங்க கண்ணுல படாம இருக்கிறதே நல்லது பஞ்சாலக்கா,” என்றாள் வள்ளியம்மா. “கண்ணுல படாமத்தானே ஓடையில கெடந்தோம்,” என்றாள் இவள். இருபத்துமூன்று வீட்டுக் கையெழுத்தும் விழ இருபது நாள் பிடித்தது.

கழகத்தில் மனுவை விசாரிக்கிற நாளில் நல்லசாமியையும் தள்ளிக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று அதிகாரிகள். இரண்டு வாரமாக மனப்பாடம் செய்த மலாய் அத்தனையும் வாசலிலேயே மறந்துபோனது. நல்லசாமியின் தோளைத் தொட்டு, தெரிந்த மலாயில் சொன்னாள்: “இந்த ஆளு அங்கதான் சாப்பிடுறாரு. அங்கதான் தூங்குறாரு. பச்சைக்குள்ளதான்.” அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

ஒன்பது மாதம் கழித்துப் படம் மாறியது. ஏழாங்கட்டை குடியிருப்பு ஆனது. பாலத்துக்கும் கான்கிரீட் கால்வாய்க்கும் அனுமதி வந்துவிட்டதென்று ஹேமநாதனே போன் போட்டுச் சொன்னார். அன்றைக்குக் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். முதல் தட்டை பஞ்சாலை கையில்தான் கொடுத்தார்கள்.

இரண்டு வாரத்தில் நில அளவைக்காரர்கள் வந்தார்கள். புதுக் கால்வாய்க்கு இரண்டு பக்கமும் இருபதடி ஒதுக்கீடு வேண்டுமாம். அதற்குள் கட்டடம் இருக்கக்கூடாது. ஓடைக்கரையோரமாகச் சிவப்பு முளைகளை அடித்துக்கொண்டே வந்தவர்கள், கடைசி முளையை அவள் அடுப்புக்கும் பின்கதவுக்கும் நடுவில் அடித்தார்கள். ஓடை வளைந்து நெருங்குவது அந்த வீட்டை மட்டும்தான்; வேறு எந்த வீடும் அதற்குள் அகப்படவில்லை.

கழகத்துக்குப் போனபோது ஹேமநாதன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “ஆட்சேபிக்கலாம் அக்கா. ஆனா வேலை நின்னுடும். இந்த வருஷம் நின்னா மறுபடி எப்ப எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நிலத்துக்குக் கெரான், அதான் பட்டாப் பேப்பரும் உங்ககிட்ட இல்ல. பாரோய் பக்கம் ஒரு அடுக்குமாடி வீடு தருவாங்க.”

“எத்தனாவது மாடி?”

“நாலாவது. அங்க லிஃப்ட் கிடையாது.”

அதன்பிறகு மூன்று நாள் யாரும் அவள் வாசற்பக்கம் வரவில்லை. ஓடையில் இறங்கித் தூக்கிய வள்ளியம்மாகூட, துணி காயப்போட வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். விட்டுக்கொடு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யாராவது வந்து சொன்னால் வாய்க்கு வந்தபடி திட்டலாமென்று பஞ்சாலை காத்திருந்தாள். அதற்கும் வழியில்லாமல் போனது.

“ஆட்சேபம் எழுதிப் போடு. பாலம் வந்தாலும் நான் எத்தன நாளைக்கு,” என்றார் நல்லசாமி.

“பாலம் இல்லாட்டி அந்த நாளும் இல்லீங்க.”

வியாழக்கிழமை மறுபடி மழை. பலகையில் நாற்காலியைத் தள்ளும்போது சக்கரம் வழுக்க, அவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கரை சேர்ந்து, அவரை ராசாவில் விட்டுவிட்டு, நேரே கழகத்துக்குப் போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். ஊர்க்காரர்கள் அவளுக்குப் பெரிய மனசு என்றார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வேறு வழியிருந்திருந்தால் அவள் போட்டிருக்கமாட்டாள்.

ஒரு புதன்கிழமை வீட்டை உடைத்தார்கள். இயந்திரத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாடி வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பியிருந்தாள். அங்கே கீழ்த்தளத்து வீடு காலியானால் தருவதாகப் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். அதுவரைக்கும் வள்ளியம்மா தன் வீட்டோடு ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிக் கொடுத்தாள்.

நான்கு மாதத்தில் பாலம் எழுந்தது. வேன் உள்ளே வந்தது. நல்லசாமி சேறு படாமல் ஏறினார்.

அடுத்த மாதமே கழகத்திலிருந்து வேறொருவர் வந்து சாய்ப்பின் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். இது குடியிருப்புப் பகுதி. அனுமதி பெறாமல் எழுப்பிய கூடுதல் கட்டடத்தைப் பதினான்கு நாளில் அகற்றவேண்டும் என்று எழுதியிருந்தது. வள்ளியம்மாவின் மகள் வாசித்துச் சொன்னாள். பஞ்சாலை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஹேமநாதன் மேலதிகாரியிடம் பேசி மூன்று மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார். அதற்குமேல் தன்னால் ஆகாது என்றார். கீழ்வீட்டுக்கான பட்டியலில் அவள் பெயருக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். திங்கட்கிழமைதோறும் கழகத்துக்குப் போய்க் கேட்கிறாள். முகப்பிலிருக்கும் பெண்ணுக்கு இப்போது அவள் பெயர் தெரியும். “இன்னும் இல்ல மா,” என்று இவள் உட்காருவதற்குள்ளேயே அந்தப் பெண் சொல்லிவிடுகிறாள். அப்படியும் பஞ்சாலை கொஞ்சநேரம் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, செவ்வாய்க்கு வேன் வருமுன் நல்லசாமியைக் குளிப்பாட்டவேண்டுமே என்று நினைத்துக்கொண்டு எழுந்து பஸ்ஸுக்கு நடக்கிறாள்.